லடாக்கின் குளிர்காலக் குழிகள்

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைச் சுற்றியே நிற்கும். குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருபது பாகைக்கும் இறங்குவதுண்டு. முன்பெல்லாம் ஸோஜி லா கணவாயைப் பனி மூடிவிட்டால் காஷ்மீரிலிருந்து வரும் வழி மாதக்கணக்கில் அற்றுப்போனது. 1960களில் மோட்டார் சாலை வருவதற்கு முன், ஸ்ரீநகரிலிருந்து லே வந்துசேரக் குதிரைகளோடு இரு வாரங்களுக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. பட்டு, தேயிலை, பஷ்மினா என எடை குறைந்து விலை மிகுந்த சரக்குகளே அவ்வழியில் நடந்தன. முள்ளங்கியை எவரும் குதிரையேற்றவில்லை.

ஆகவே லடாக்கிய உழவர் தம் காய்களை நிலத்துக்குள்ளேயே வைத்தனர். இலையுதிர்காலத்தில் நீர் தேங்காத மேட்டில் குழி வெட்டப்படும். முள்ளங்கி, நூல்கோல், கேரட் ஆகியவற்றின் தழையைக் கிள்ளி, காயம்பட்டவற்றை ஒதுக்கி, நல்லவற்றை மண்ணோடு அடுக்குவர். மேலே மரக்கட்டைகளும் வைக்கோலும் பரப்பி மண்ணால் மூடுவர். ஆள் இறங்குமளவு ஒரு வாய் மட்டும் விடப்படும். வெயில் ஏறிய நண்பகலில் அதைத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு விரைந்து அடைத்துவிடுவர். கீரைக்குக் குழி ஏற்றதன்று. அது வெயிலில் உலர்த்தப்பட்டது. மழையற்ற வானம் அதற்குத் துணைநின்றது.

இதன் பொறிமுறை எளிது. மேற்பரப்பு உறைந்தாலும் ஆழத்து மண் கோடை வெப்பத்தை மெல்லவே இழக்கிறது. காய் உறைந்தால் உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் உயிரணுக்களைக் கிழித்துவிடும். வெப்பம் மிகுந்தாலோ அது முளைவிடும், அழுகும். உறைநிலைக்குச் சற்று மேலேயே நிற்கும் குழி இவ்விரண்டையும் தவிர்க்கிறது. மண்ணின் ஈரம் காய் சுருங்காமல் காக்கிறது. பறித்த பின்னும் காய் சுவாசிப்பதால் சிறிது காற்றோட்டமும் தேவை. குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால், குழியிலிருந்து வரும் உருளைக்கிழங்கு இனிப்பது இயல்பே.

அந்த உருளைக்கிழங்கு மட்டும் மலைக்குப் புதியது. அண்டையிலுள்ள லாஹூலின் கேலாங்கில் 1850களில் நிலைகொண்ட மொராவிய மறைப்பணியாளர்கள் அதனை அங்கே பயிரிட்டனர். 1885இல் அவர்களது பணி லேயிலும் தொடங்கியது. வெளியிலிருந்து வந்த பயிரும் பழைய குழிக்குள்ளேயே இடம் தேடிக்கொண்டது. பின்னர் வந்த மாற்றங்கள் இவ்வளவு எளிதில் குழிக்குள் அடங்கவில்லை. 1948இல் லேயில் முதல் விமானம் இறங்கியது. 1962 போருக்குப் பின் பெருந்தொகையான படைவீரர்க்கும் காய்கறி வேண்டியிருந்தது. அவ்வாண்டில் லேயில் தோன்றிய பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் பசுமைக்குடில்களோடு குழிச் சேமிப்பையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது.

சேமிப்பைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் உணவோடு நின்றுவிடுகின்றன. முள்ளங்கி, நூல்கோல், கேரட் ஆகியவை முதற்பருவத்தில் கிழங்கு கட்டும். குளிரைக் கடந்த பின்னரே பூத்து விதை தரும். லடாக்கின் திறந்த வயலில் விட்ட கிழங்கு அக்குளிரைத் தாங்காது. எனவே வடிவும் நிறமும் நன்றாக அமைந்தவற்றை உழவர் உண்ணாமல் குழியின் அடியில் ஒதுக்கினர். பசி முற்றும் மார்ச் மாதத்திலும் அவற்றைத் தொடுவதில்லை. மண் இளகியதும் அவை மீண்டும் நடப்பட்டன. அவற்றின் விதையே அடுத்த ஆண்டின் வயல். இன்று கடைவிதை எளிதில் கிடைக்கிறது, குளிர்காலத்திலும் விமானத்தில் காய் வருகிறது. குழி வெட்டாத வீட்டில் முதலில் நின்றுபோவது அந்த ஒதுக்கிவைத்தல்தான்.