பிரெஞ்சு விசேஷணங்களின் பகுவசனம்: எழுத்து வழக்கும் ஒலி வழக்கும்

பிரெஞ்சு வியாகரணத்தைக் கற்கத் தொடங்கும் மாணாக்கர், விசேஷணம் தான் தழுவும் பெயரின் லிங்கத்தையும் வசனத்தையும் ஒட்டி மாறும் என்றும், பகுவசனத்துக்கு ஏகவசனத்தின் இறுதியில் எஸ் என்னும் எழுத்தைச் சேர்த்தால் போதும் என்றும், ‘அல்’ என முடிவன ‘ஓ’ என்று மாறுவதும் சில சொற்கள் எஸ்ஸுக்கு ஈடாக எக்ஸ் பெறுவதும் விதிவிலக்குகள் என்றும் படிக்கிறார்கள். எழுதும் கைக்கு இவ்வரிசை பொருத்தமானதே. ஆயினும் மொழிக்கு உச்சாரணமே முதல் என்று கொள்வோமாயின், இவ்வரிசை தலைகீழானது என்பதும், விதிவிலக்கு எனப் பின்னே தள்ளப்பட்ட இடங்களிலேதான் விசேஷணத்தின் பகுவசனம் இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதும் என் துணிபு.

சிறியது என்னும் பொருளுடைய ‘பெத்தி’ என்ற விசேஷணத்தை எடுத்துக்கொள்வோம். சிறு பையன் ஒருவனை ‘லு பெத்தி கார்ஸோன்’ என்பர். பலராயின் ‘லே பெத்தி கார்ஸோன்’. எழுத்தில் விசேஷணமும் பெயரும் தனித்தனியே எஸ் பெற்றாலும், செவிக்கு வேறுபடுவது முன்னே நிற்கும் ‘லு’, ‘லே’ என்பன மாத்திரமே. ஆனால் வருமொழி உயிரில் தொடங்கினால் நிலைமை மாறுகிறது. நண்பன் என்னும் ‘அமி’ வருமொழியாகும்போது ஏகவசனம் ‘லு பெத்தித்தமி’ எனத் தகரத்தோடும், பகுவசனம் ‘லே பெத்திஸமி’ என அதிர்வோடு ஒலிக்கும் ஸகரத்தோடும் புணர்கின்றன. தமிழ் மாணாக்கர் இந்த ஸகரத்தை நம் யகர வகரங்களைப் போன்ற உடம்படுமெய் என்று எண்ணிவிட இடமுண்டு. அது பிழை. உடம்படுமெய் இரண்டு உயிர்களை இணைப்பதற்காகவே தோன்றுவது, அதற்குப் பொருளில்லை. பிரெஞ்சு ஸகரமோ, மறைந்துபோன பழைய இறுதி மெய் உயிரின் முன் மீண்டும் எழுந்து, எண்ணையும் உணர்த்துவது. இப்புணர்ச்சி பெயருக்கு முன்னே நிற்கும் விசேஷணங்களுக்கே பெரும்பாலும் உரியது. பிரெஞ்சில் மிகப் பல விசேஷணங்கள் பெயருக்குப் பின்னே நிற்பனவாதலின், அவற்றின் எஸ் ஏட்டோடு நின்றுவிடுகிறது.

இந்த எஸ்ஸின் சரித்திரம் கற்பார்க்கு வியப்பூட்டுவது. பழைய பிரெஞ்சில் எழுவாய் வடிவம், பிற வேற்றுமைகளுக்குப் பொதுவான வடிவம் என இரண்டு இருந்தன. ஆண்பாற் சொற்களுள் பெரும்பாலானவற்றில் எஸ் பெற்றது ஏகவசன எழுவாய். பகுவசன எழுவாய்க்கு அது இல்லை. லத்தீன் இரண்டாம் வேற்றுமைப் பகுவசனத்தின் வழிவந்த பொது வடிவமே எஸ்ஸோடு நின்றது. 14-ஆம் நூற்றாண்டளவில் இவ்வேற்றுமை முறை சிதைந்து, எழுவாய் வடிவங்கள் வீழ்ந்து, எஞ்சியது பகுவசனத்தின் அடையாளமாயிற்று. இவ்வாறு எண்ணுக்கே உரியதாகி நிலைபெற்ற அந்த மெய், உச்சாரணத்தில் சொல்லிறுதியிலிருந்து நழுவிப்போயிற்று.

ஒலி தேய்ந்த விதத்தை அழகுடைமை உணர்த்தும் ‘பெல்’ என்ற சொல்லில் நேரிற் காணலாம். மரம் என்னும் ‘ஆர்ப்ர்’ உயிரில் தொடங்குவதால், ஒற்றை மரத்துக்கு முன் இன்றும் ‘பெல்’ என்றே நிற்கிறது. பகுவசனத்தில் லகரத்தை அடுத்து எஸ் வந்தமையால், மெய்யின் முன் நின்ற லகரம் உகரமாக நெகிழ்ந்து, கூட்டுயிராகிப் பின் ‘போ’ என்று சுருங்கியது. மரங்களுக்கு முன் அது ‘போஸார்ப்ர்’ என ஒலிக்கும். ஏடெழுதிய இடைக்கால லேககர்கள் இறுதியில் வந்த யூ, எஸ் என்னும் இரண்டெழுத்துக்கும் சேர்த்து எக்ஸ் போன்ற ஒரு குறியை இட்டார்கள். அதன் பொருள் மறந்தபின் வந்தவர்கள் யூவை மீண்டும் எழுதி எக்ஸையும் விடாது காத்தார்கள். ஆகவே இச்சொல்லின் இன்றைய பகுவசன எழுத்தில் ஒரே ஒலி இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. 1990-ஆம் ஆண்டின் எழுத்துத் திருத்தங்கள் பல சொற்களைத் தொட்டும் இந்த எக்ஸைத் தொடவில்லை.

‘அல்’ என்பது ‘ஓ’ ஆவதும் இதே நெகிழ்ச்சியின் பயன். ஆனால் அது பழஞ்சொற்களோடு நின்றுவிடவில்லை. லகரம் உகரமாகும் ஒலிமாற்றம் ஓய்ந்து நெடுங்காலம் கழிந்தபின் பெருவழக்குற்ற ‘நாஸியோனல்’, ‘ஸோஸியல்’ முதலியனவும் ‘நாஸியோனோ’, ‘ஸோஸியோ’ என்றே பகுவசனம் கொண்டன. புதிய சொற்களையும் தன்பால் இழுக்கும் ஆற்றலுடைய ஒன்றை விதிவிலக்கு என்பது எங்ஙனம்? உண்மையில் விலக்காய் நிற்பவை, எஸ் மட்டும் பெற்று ஒலி மாறாத ‘ஃபத்தால்’, ‘நவால்’ முதலிய சிலவே. ‘பனால்’ என்ற சொல் இருபுறமும் நிற்கிறது. நிலப்பிரபுவின் அடுப்பிலேயே ரொட்டி சுடவும் அவன் ஆலையிலேயே மாவரைக்கவும் குடிகள் கட்டுப்பட்டிருந்த காலத்தில் அவ்வடுப்பையும் ஆலையையும் குறித்த இவ்விசேஷணத்துக்குப் பகுவசனம் ‘பனோ’. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புரட்சி அக்கட்டுப்பாட்டை ஒழித்தது. எங்கும் காணும் சாதாரணமானது என்ற பிற்காலப் பொருளில் அதே சொல் எஸ் மாத்திரம் பெற்றுப் ‘பனால்’ என்றே ஒலிக்கிறது. பிரபுவின் உரிமை அழிந்த பின்னும் அவன் அடுப்பின் பகுவசனம் அழியவில்லை.

செவிக்கும் ஏட்டுக்கும் உள்ள இப்பிளவைப் பிரெஞ்சு அறிஞர்களுள் முன்னரே எதிர்கொண்டவர் வோழலா. 1647-இல் வெளியான தம் மொழிக்குறிப்புகளில் அவர், ஆண்பாற்பெயரான இதயமும் பெண்பாற்பெயரான வாயும் சேர்ந்துவரும் ஒரு தொடரை ஆராய்கிறார். திறந்தது என்னும் விசேஷணம் அங்கே ஆண்பாற் பகுவசனமாகவே வரவேண்டும். ஆண்பால் உயர்ந்ததாதலின் அதுவே மேலோங்கும் என்பது அவர் கூறிய நியாயம். இந்நியாயத்தை இன்று பலரும் மறுக்கின்றனர், மறுப்பது தகும். ஆயினும், செவி இதற்கு எளிதில் இணங்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டது நம் பொருளுக்கு மிக முக்கியமானது. ‘ஊவேர்’ என்பது ஆண்பால், ‘ஊவெர்த்’ என்பது பெண்பால். ஆண்பாற் பகுவசனத்தின் எஸ் ஒலியாதாகையால், வாய் என்னும் பெண்பாற் சொல்லை அடுத்து ‘ஊவேர்’ எனக் கேட்டவர்க்கு எண் புலப்படவில்லை, ஆண்மை மாத்திரமே புலப்பட்டது. பன்மைக்காகச் சேர்த்த எழுத்தால், கேட்பவர்க்குப் பால்வழுவே புலனாயிற்று.

ஆகவே பேச்சைக் கற்பிக்கும் ஆசிரியர் ‘அல்’, ‘ஓ’ இணைகளையும், பெயருக்கு முன் நிற்கும் சில விசேஷணங்களின் புணர்ச்சியையும் முதலில் வைத்து, எஸ் சேர்க்கும் விதியை எழுத்துப் பாடத்துக்கு ஒதுக்குவதே முறை. ஒன்றை மட்டும் அப்போதே சொல்லிவிட வேண்டும்: ‘ஓ’ என்னும் முடிவு ஆண்பாலுக்கே உரியது. பெண்பாலில் ‘ஸோஸியல்’ ஒன்றாயினும் பலவாயினும் ஒரே ஒலிதான். அங்கே எண்ணை அறிய முன் நிற்கும் சிறுசொல்லையே நாடவேண்டும்.