காசுக்கு மார்க் போட்ட கதை

தேய்ந்த செப்புக் காசுக்கு என்ன விலை சொல்வது? அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1949-ல் இதற்கு ஒரு கணக்கு வைத்தார். மனிதர்களின் உடல்வாகையே எண்களால் வகை பிரித்தவர் அவர், காசை விடுவாரா? என்ன காசு என்று மட்டும் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் 1, அச்சிலிருந்து விழுந்தபடியே அப்பழுக்கின்றி இருந்தால் 70. அந்த ரகத்தின் அடிப்படை விலையை இந்த எண்ணால் பெருக்கினால் சந்தை விலை. அமெரிக்காவின் ஆரம்பகாலப் பெரிய சென்ட் காசுகளுக்காக மட்டும் போட்ட கணக்கு இது.

கணக்கு நிலைக்கவில்லை. புழங்காத காசுகளின் விலை எகிறியதும் பெருக்கல் பொய்த்துப்போனது. எண்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. 1977-ல் அமெரிக்க நாணயவியல் கழகம் அவற்றையே வெள்ளி, தங்கம் உட்பட எல்லா நாணயங்களுக்கும் அளவுகோலாக்கியது. புழங்காத நாணயத்துக்கு அப்போது 60, 65, 70 என்று மூன்றே படிகள். பிறகு இடையிலிருந்த எண்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

வம்பும் கூடவே வந்தது. மோர்கன் வெள்ளி டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பைக்கு ஆயிரம் என்று கட்டிக் கருவூலத்தில் போட்டு வைத்தார்கள். யார் கையிலும் புழங்காமலே, ஒன்றோடொன்று உரசி, சுதந்திர தேவியின் கன்னத்தில் கீறல் விழுந்தது. விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பவர்களில் ஒருவர் கண் அந்தக் கீறலில் நிற்கும். அவருக்கு அது 64. இன்னொருவரை மினுமினுப்பு மயக்கும், அவருக்கு 65. இந்த ஒரு எண்ணில் விலை பல மடங்காகிவிடுவதும் உண்டு. பணம் புரளும் இடத்தில் கண்ணை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

1980-களின் நடுவில் சந்தை கண்டிப்பானது. சில ஆண்டுகளுக்கு முன் 65 வாங்கிய நாணயங்கள் பல, ஓரிரு படி இறங்கின. அந்தச் சமயத்தில்தான், 1986-ல், பி.சி.ஜி.எஸ். நிறுவனம் கடை திறந்தது. பலர் பார்த்துத் தரம் சொல்ல, நாணயத்தைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து ஒட்டிக் கொடுத்தது. மறு ஆண்டே நாணய வியாபாரி ஜான் அல்பனீஸ், அதே வேலைக்கு என்.ஜி.சி. நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனாலும் பி.சி.ஜி.எஸ். தன் தரமதிப்பீட்டை விளம்பரங்களில் மிகைப்படுத்துகிறது என்று 1990-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் வழக்குப் போட, அது சமரசத்தில் முடிந்தது.

வியாபாரிகள் இன்னும் சாமர்த்தியசாலிகள். 64 வந்தால் பெட்டியை உடைத்து நாணயத்தை மறுபடி அனுப்புவார்கள், 65 வரும்வரை. பெட்டியிலிருந்த பழைய தரச் சீட்டைத் திருப்பித் தராவிட்டால் நிறுவனங்களின் கணக்கில் ஒரே நாணயம் இரண்டு மூன்றாகிவிடும்.

ஷெல்டனும் லேசுப்பட்டவரில்லை. கழகத்திலிருந்து வேறான அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தொகுப்பிலிருந்து உயர்ந்த சென்ட்களை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த மட்டமானவற்றை அங்கே வைத்தது அவர் மறைந்த பிறகு அம்பலமானது. தரத்தின் அருமை தெரிந்த மனிதர்!

தரம் போட்ட பெட்டிகளுக்கே தரம் பார்க்க, 2007-ல் அதே அல்பனீஸ் சி.ஏ.சி.யைத் தொடங்கினார். எண் சரியென்றால் பெட்டிமேல் பச்சை ஸ்டிக்கர், குறைத்துப் போட்டிருந்தால் தங்கநிற ஸ்டிக்கர். 2023-ல் அதே பெயரில் இன்னொரு தரமதிப்பீட்டு நிறுவனமும் வந்துவிட்டது.