பர்ஸுக்குள் ஒரு வலைத்துண்டு

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டம் வென்ற அணியினர் ஏணியில் ஏறி, வளையத்தில் தொங்கும் வலையைக் கத்தரித்து, ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வார்கள். தேசியப் பட்டத்துக்காக அந்த ஏணியில் ஏற டான் ஸ்டேலிக்கு எத்தனை வருஷம் ஆனது தெரியுமா?

1970-ல் பிறந்தவர். வடக்கு பிலடெல்பியாவின் ஏழைக் குடியிருப்பில், பையன்களோடு மல்லுக்கட்டி ஆட்டம் கற்றவர். உயரம் ஐந்தரை அடிதான். நெட்டையர்களுக்கு நடுவே அவருக்குக் கைகொடுத்தவை வேகமும், பந்தை யாருக்குத் தருவது என்று கண நேரத்தில் கண்டுகொள்ளும் கண்ணும்.

1991 தேசிய இறுதியாட்டம். வர்ஜீனியா அணிக்காக அவர் 28 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், டென்னசி 70-67 என வென்றது. சிறந்த வீராங்கனை விருது, தோற்ற ஸ்டேலிக்கு. வலை டென்னசிக்கு.

பிறகு 1996, 2000, 2004 என மூன்று ஒலிம்பிக் தங்கங்கள். ஏதென்ஸ் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்தியவரும் அவரே. இதற்கிடையில், 2000-லேயே டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகிவிட்டார். கோடையில் தொழில்முறை ஆட்டம், குளிர்காலத்தில் மாணவிகளுக்குப் பயிற்சி என்று 2006 வரை ஓடினார்.

2008-ல் தெற்கு கரோலினா அழைத்தது. தாய் எஸ்டெல் சின்ன வயதில் விட்டுவந்த மாநிலம். முதல் பருவத்தில் 10 வெற்றி, 18 தோல்வி. ஸ்டேலி அசரவில்லை.

1999-ல் பர்டூ அணிக்குப் பட்டம் பெற்றுத் தந்த கரோலின் பெக், அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பெண் பயிற்சியாளர். தன் வலைத்துண்டு ஒன்றை 2015-ல் ஸ்டேலியிடம் கொடுத்தார். நீ ஜெயித்த பிறகு திருப்பித் தந்தால் போதும் என்பது ஏற்பாடு. ஸ்டேலி அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

2017 ஏப்ரல், டாலஸ் நகரம். மிசிசிப்பி ஸ்டேட்டை 67-55 என வீழ்த்தியது தெற்கு கரோலினா. 1991 தோல்விக்கு 26 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டேலி அந்த ஏணியில் ஏறினார். பெக்கின் துண்டு பெக்கிடமே திரும்பியது.

தன் வலையை அவர் பூட்டி வைக்கவில்லை. 2021-ல் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, முதல் பிரிவு அணிகளின் கறுப்பினப் பெண் தலைமைப் பயிற்சியாளர்களுக்கு அனுப்பினார். 2022-ல் மறுபடி பட்டம்; 2024-ல் ஆடிய 38 ஆட்டங்களிலும் வென்று இன்னொன்று. எனக்கோ அந்தக் கோப்பைகளைவிட, தபாலில் போன அந்த நூல்கள்தான் பெரிது. பந்தை யாருக்குத் தர வேண்டும் என்பதை, ஆட்டத்தை நிறுத்திய பிறகும் அவர் மறக்கவில்லை.