வணிக விதிப்பொறி

வணிக விதிப்பொறி என்பது, ஒரு நிறுவனம் முடிவெடுக்கக் கையாளும் விதிகளை நிரலுக்குள் புதைத்துவிடாமல் தனியே எழுதிவைத்து, வந்துசேரும் தரவுகளோடு அவற்றைப் பொருத்திப் பார்த்து நிறைவேற்றும் மென்பொருள். கடன் விண்ணப்பம், காப்பீட்டுக் கட்டணம், வரிச்சலுகை எனப் பல இடங்களில் இது பயன்படுகிறது. பயனர் தேர்ந்தெடுத்த அளவுகோல்களுக்கு ஒத்துவரும் பொருள்களைப் பிரித்தெடுப்பது இதன் பழைய பணிகளில் ஒன்று. இத்துறையின் முதல் பெரிய வணிக வெற்றியும் ஒரு பொருள் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையில்தான் கிடைத்தது.

ஒவ்வொரு விதிக்கும் இரு பக்கங்கள் உண்டு: இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல். தரவுகள் செயல்நினைவகம் என்னும் இடத்தில் இருக்கும். எந்தெந்த விதிகளின் நிபந்தனை எந்தெந்தத் தரவுகளால் நிறைவேறுகிறது என்று பொறி முதலில் பார்க்கும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து செயல்படுத்தும். அச்செயல் தரவை மாற்றியிருந்தால் மீண்டும் பொருத்தத் தொடங்கும். பொருந்தும் விதி எதுவும் மிஞ்சாதபோது இச்சுழற்சி நின்றுவிடும்.

தோற்றமும் ஆர்1 அமைப்பும்

நிபந்தனை, செயல் என விதி எழுதும் இந்த வடிவத்தின் வேர் கணிதத் தருக்கவியலில் இருக்கிறது. எமில் போஸ்ட் 1943இல் வெளியிட்ட கட்டுரையில், குறியீட்டுச் சரங்களை மாற்றி எழுதும் விதிகளின் தொகுதியை ஆராய்ந்தார். அதைக் கணினிக்கும் உளவியலுக்கும் கொண்டுவந்தவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் ஆகியோர். மனிதர் சிக்கலைத் தீர்க்கும் விதம் பற்றி 1972இல் அவர்கள் வெளியிட்ட பெருநூல், சிந்தனையையே இத்தகைய விதிகளின் ஓட்டமாகக் காட்டியது. அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய மைசின், தொற்றுநோய்களுக்கு மருந்து பரிந்துரைக்கும் அமைப்பு. ஆனால் அது முடிவிலிருந்து பின்னோக்கிச் சென்று சான்று தேடியது. வணிக விதிப்பொறிகளின் மரபு தரவிலிருந்து முன்னோக்கிச் செல்லும் கார்னகி மரபே.

அம்மரபு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்தது டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தால். அதன் வாக்ஸ்-11/780 கணினி ஒரே பெட்டியாக விற்கப்படவில்லை. மையச்செயலகம், நினைவகப் பலகை, வட்டு இயக்கி, அலமாரி, கேபிள் என ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பு. வாடிக்கையாளருக்கு ஏற்ற சேர்க்கையை விற்பனையாளர் எழுதி அனுப்புவார். ஒரு கேபிளோ மின்வழங்கியோ விடுபட்டிருந்தால் பொருத்தும் தளத்தில் வேலை நின்றுவிடும். ஃபோர்ட்ரானிலும் பேசிக்கிலும் இந்தச் சரிபார்ப்பை நிரலாக எழுத நிறுவனம் இருமுறை முயன்று தோற்றிருந்தது.

1978இல் கார்னகி மெலனின் ஜான் மெக்டெர்மட் இதை விதிகளாக எழுத முற்பட்டார். ஆர்1 என்று பெயர் பெற்ற அவ்வமைப்பு, பின்னர் நிறுவனத்துக்குள் எக்ஸ்கான் என்று அழைக்கப்பட்டது. ஆர்டரிலுள்ள உறுப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று அது பார்க்கும், விடுபட்டதைச் சேர்க்கும், எந்தப் பலகை எந்த அலமாரியில் எந்த இடத்தில் அமரவேண்டும் என்று வரைபடமும் தரும். எடுத்த முடிவைக் கைவிட்டுப் பின்வாங்க வேண்டிய தேவை ஏறக்குறைய எழாதபடி விதிகள் அமைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்து செய்யவேண்டியதைத் தீர்மானிக்கக் கையிலிருக்கும் தரவே போதும் என்பது மெக்டெர்மட்டின் கண்டுபிடிப்பு. மதிநுட்பமான தேடலை எதிர்பார்த்தவர்களுக்கு இந்த எளிமை சற்று ஏமாற்றமாக இருந்திருக்கலாம்.

1980இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் சேலம் நகர ஆலையில் ஆர்1 பணிக்கு வந்தது. 1986க்குள் சுமார் 80,000 ஆர்டர்களை அது கையாண்டிருந்தது. துல்லியம் 95 முதல் 98 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது. இதன் உடன்பிறப்பான எக்ஸ்செல், விற்பனையாளரின் பக்கத்திலிருந்து இயங்கியது. வாடிக்கையாளரின் தேவைகளைக் கேட்டு அதற்கேற்ற உறுப்புகளைத் தேர்ந்தெடுக்க உதவிய இதுவே, இன்றைய இணையக் கடைகளின் தேர்வு உதவியாளர்களுக்கு முன்னோடி.

வெற்றிக்குக் கொடுத்த விலையும் உண்டு. புதிய உறுப்புகள் சந்தைக்கு வந்தபடியே இருந்ததால் எக்ஸ்கானின் விதிகள் 1980களின் பிற்பகுதியில் 6,000ஐத் தாண்டின. அவற்றில் ஏறத்தாழப் பாதியை ஆண்டுதோறும் மாற்றவேண்டியிருந்தது.

ரீட்டே வழிமுறை

ஆயிரக்கணக்கான விதிகளை ஆயிரக்கணக்கான தரவுகளோடு ஒவ்வொரு சுழற்சியிலும் முதலிலிருந்து ஒப்பிட்டால் எந்தக் கணினியும் திணறும். இயங்கு நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பொருத்துவதிலேயே செலவிட்ட அமைப்புகளும் இருந்தன. இதற்குத் தீர்வு கண்டவர் சார்லஸ் ஃபோர்ஜி. 1974இல் முதல் வரைவாகவும், 1979இல் முனைவர் பட்ட ஆய்வேடாகவும், 1982இல் ஆய்விதழ்க் கட்டுரையாகவும் அவர் முன்வைத்த வழிமுறையே ரீட்டே. மெக்டெர்மட்டின் ஆர்1 கட்டுரையும் அதே இதழில்தான் வெளியானது. ஆர்1 எழுதப்பட்ட ஓபிஎஸ் மொழிகளும் ஃபோர்ஜியுடையவை.

ரீட்டே இரண்டு உண்மைகளைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே தரவில் சிறு பகுதிதான் மாறுகிறது. பல விதிகள் ஒரே நிபந்தனையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே விதிகள் அனைத்தும் ஒரு வலைப்பின்னலாகத் தொகுக்கப்படுகின்றன. அதன் மேற்பகுதியான ஆல்ஃபா கணுக்கள் தனித்தனித் தரவைச் சோதிக்கும். கீழுள்ள பீட்டா கணுக்கள் இரு தரவுகளை இணைத்துப் பார்க்கும். பாதி பொருந்திய முடிவுகள் ஆங்காங்கே சேமிக்கப்பட்டிருக்கும். புதிய தரவு வந்தால் கூட்டல் குறியோடும், நீங்கினால் கழித்தல் குறியோடும் அது வலையில் இறங்கி, தொடும் இடங்களை மட்டும் மாற்றிச்செல்லும். இந்த வேகத்துக்குக் கொடுக்கும் விலை கூடுதல் நினைவகம். சேமிப்பைக் குறைக்கும் ட்ரீட் என்ற மாற்று வழிமுறையை டேனியல் மிரேங்கர் 1980களில் முன்வைத்தாலும், ரீட்டேயின் இடத்தை அது பிடிக்கவில்லை.

அளவுகோல்களோடு பொருத்துதல்

எடுத்துக்காட்டாக, மடிக்கணினி வாங்க வந்தவர் விலை 60,000 ரூபாய்க்குள், ரேம் 16 ஜிபிக்குக் குறையாமல் என இரண்டை மட்டும் குறிக்கிறார். எடை, திரை அளவு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக விதி எழுதுவோர் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு விதி எழுதத் தலைப்படுவர். குறித்தாலும் குறிக்காவிட்டாலும் ஆகும் அளவுகோல்கள் பத்து இருந்தால் சேர்க்கைகள் 1,024 ஆகிவிடும்.

சரியான முறை, பொருளைப் போலவே அளவுகோலையும் ஒரு தரவாகச் செயல்நினைவகத்தில் இடுவது. பிறகு ஏற்கும் விதிகளுக்குப் பதில் விலக்கும் விதிகளை எழுதவேண்டும்: விலை வரம்பு ஒன்று இருந்து, அதை மீறும் பொருளும் இருந்தால், அப்பொருள் விலக்கப்பட்டது என்று குறி. பத்து அளவுகோலுக்குப் பத்து விதி போதும். பயனர் தொடாத அளவுகோல் நினைவகத்திலேயே இராது. அதைச் சார்ந்த விதியும் எழாது. விலக்கப்படாமல் எஞ்சியவையே விடை. ஒவ்வொரு விலக்கலோடும் காரணத்தைச் சேர்த்துவைத்தால், பட்டியல் காலியாக வந்தாலும் எந்த அளவுகோலைத் தளர்த்தலாம் என்று பயனருக்குச் சொல்லமுடியும்.

பயனர் விலை வரம்பை எடுத்துவிட்டால் அதனால் நிகழ்ந்த விலக்கல்களும் மறையவேண்டும். கிளிப்ஸ், ஜெஸ், டுரூல்ஸ் ஆகிய மூன்று விதிப்பொறிகளும் இதற்கென ஒரு வசதி தருகின்றன: காரணமான தரவு நீங்கியதும், அதைக்கொண்டு பெறப்பட்ட முடிவும் தானே நீங்கும். விதிகளுக்கு முன்னுரிமை எண் கொடுத்து வரிசைப்படுத்துவதும் இயலும். அதில் அளவு மீறுவோர் கடைசியில் பழைய நிரலையே வேறு உருவில் எழுதி முடிப்பர்.

இவற்றையெல்லாம் தரவுத்தளத்தில் ஒரே வினவலால் செய்துவிடலாமே என்பாரும் உளர். வெறும் வடிகட்டலுக்கு அது போதும். ஒரு தேர்வு இன்னொன்றைக் கட்டாயமாக்கும்போதும், விலக்கியதற்குக் காரணம் கேட்கப்படும்போதும் அந்த வாதம் நிற்காது. பொருள்கள் இலட்சக்கணக்கில் இருந்தால் வினவலால் முதலில் குறைத்துக்கொண்டு, எஞ்சியவற்றைப் பொறியிடம் தருவதே நடைமுறை.

பரவல்

நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1980களின் நடுப்பகுதியில் சி மொழியில் உருவான கிளிப்ஸ், ரீட்டேயைப் பரவலாக்கியது. அதைப் பின்பற்றி 1995இல் சாண்டியா ஆய்வகத்தில் எர்னஸ்ட் ஃப்ரீட்மன்-ஹில் ஜாவாவுக்காக ஜெஸ்ஸைத் தொடங்கினார். பாப் மெக்வர்ட்டர் 2001இல் தொடங்கிய டுரூல்ஸ் திறமூலமானது. ஜேபாஸ் நிறுவனத்தின் வழியாக ரெட் ஹேட் நிறுவனத்துக்குச் சென்றது. விதிப்பொறி தயாரித்த பிரான்ஸின் ஐலாக் நிறுவனத்தை ஐபிஎம் 2009இல் கையகப்படுத்தியது. நிரலரின் துணையின்றி வணிகத் துறையினரே விதிகளை எழுதுவர் என்று விதிப்பொறி விற்ற நிறுவனங்கள் விளம்பரம் செய்தன. மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் போன்றோர் ஐயப்பட்டபடியே, பெரும்பாலும் அது நடக்கவில்லை. 2015இல் தரநிலைகள் வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு வெளியிட்ட டிஎம்என் என்ற முடிவெடுப்புத் தரநிலை, விதிகளை அட்டவணை வடிவில் எழுத வகைசெய்கிறது. டுரூல்ஸ் தற்போது அப்பாச்சி அறக்கட்டளையின்கீழ் கேஐஇ திட்டத்தின் பகுதியாக உள்ளது; இயந்திரக் கற்றல் முறைகளோடு விதிப்பொறிகளை இணைப்பதும் வழக்கில் உண்டு.