யாழ்ப்பாணத்துத் தவறணையும் கொழும்பு வர்த்தமானியும்

மிளகாய் நாற்று காத்திருக்காது. விதைத்த முப்பது, நாற்பது நாட்களில் அதனைப் பிடுங்கி நட்டாக வேண்டும். நாள் தவறினால் நாற்று முற்றிவிடும், விளைச்சல் குன்றும். யாழ்ப்பாணத் தோட்டக்காரனின் கடந்த அரை நூற்றாண்டு வரலாற்றை விளங்கிக்கொள்ள விரும்புவோர் இந்தச் சிறிய உண்மையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. செம்மண்ணும், சுண்ணாம்புக்கற்பாறையில் தங்கும் கிணற்று நீருமே அதன் செல்வம். கோண்டாவில், உரும்பிராய், நீர்வேலி, புன்னாலைக்கட்டுவன் போன்ற ஊர்களில் குடும்பத் தோட்டங்கள் ஏக்கரில் அன்றிப் பரப்பிலேயே கணக்கிடப்படும். 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர்.

மாரி மழை ஓய்வதற்கு முன்னரே வீட்டில் ஆயத்தங்கள் ஆரம்பமாகிவிடும். கிணற்றடிக்கு அண்மையில் தவறணையை மேடாக அமைத்து, வைக்கோலும் உமியும் பரப்பி எரிப்பர். மண்ணிலுள்ள நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் அழிப்பதற்கான உபாயம் அது. விதையிட்டு, வைக்கோலால் மூடி, எறும்பு வராதிருக்கச் சுற்றிவரச் சாம்பல் தூவுவர். முளை கண்டதும் வைக்கோல் நீங்கும். வெயிலுக்கும் மழைக்கும் கிடுகுப் பந்தல் எழும். நடுகைக்கு முந்திய நாட்களில் நிழலையும் நீரையும் படிப்படியாகக் குறைத்து நாற்றை வன்மைப்படுத்துவர். மறுபுறத்தில் நிலத்தைக் கொத்திப் பூவரசங்குழையும் எருவும் தாழ்ப்பர். தை, மாசியில், வெயில் தணிந்த மாலைப்பொழுதில் நடுகை நடைபெறும். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்திக்கு நீர் திருப்ப ஒருவர் எனக் குடும்பமே தோட்டத்தில் நிற்கும். நீரிறைக்கும் இயந்திரம் பரவிய பின்னரே துலாக்கள் ஓய்ந்தன.

1970இல் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அது நாட்டின் பல பகுதிகளில் மக்கள் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். வடக்கிலோ தோட்டக்காரர் கல்வீடு கட்டினர். விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த இளைஞர் மிளகாய்ச் செய்கையில் இறங்கினர். 1977 நவம்பரில் ஜே. ஆர். ஜெயவர்தனா அரசாங்கத்தின் வரவு செலவுத்திட்டம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. இறக்குமதிப் பொருள்களுடன் போட்டியிட இயலாது உள்ளூர் விளைபொருளின் விலை சரிந்தது. தவறணையில் நாற்று நின்றது. அதனை நடுவதா விடுவதா என்ற கேள்விக்குத் தோட்டத்தில் விடை இருக்கவில்லை.

பின்னர் வந்தது யுத்தம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் செம்மண்ணை விட்டு இடம்பெயர்ந்தனர். பொருளாதாரத் தடையால் யூரியாவும் மண்ணெண்ணெயும் அருமையாயின. இயந்திரம் இருந்தும் எண்ணெய் இல்லாதவர் மீண்டும் கையால் நீரிறைத்தனர்.

யுத்தம் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 2021இல், இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி வெளியாயிற்று. அளவுக்கு மிஞ்சிய உரப்பாவனையால் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது உண்மையே. எனினும் மண்ணைப் பழக்க ஆண்டுகள் தேவை. கட்டளையோ ஒரே இரவில் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு எரிபொருள் நெருக்கடி மண்ணெண்ணெயையும் பறித்தது.

இறக்குமதியைத் தடுப்பதா, திறப்பதா என்பது பொருளியலாளர் விவாதிக்க வேண்டிய விடயம். தோட்டக்காரன் கேட்பது அதனினும் சிறியது. எந்தக் கொள்கையாயினும் அதனைத் தவறணை போடுமுன் அறிவியுங்கள் என்பதே அவனது கோரிக்கை. முப்பது நாள் நாற்றை வளர்க்க ஒரு குடும்பமே விழித்திருக்கிறது. அந்த முப்பது நாட்களைக் கணக்கில் எடுத்த ஓர் அரசாங்கத்தை அக்குடும்பம் இன்னும் கண்டதில்லை.