தொட்டில்கள் குறைந்த தேசம்

பிரான்சில் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றுக்கு மாதந்தோறும் பிள்ளைகளுக்கான கொடுப்பனவு வந்து சேர்கின்றது. "இந்தக் காசுக்காகவே வெளிநாட்டார் பிள்ளை பெறுகின்றனர்" என்ற ஏளனச் சொல்லையும் எம்மிற் சிலர் வேலைத்தலங்களிற் கேட்டிருப்போம். இக்கொடுப்பனவு எந்த அச்சத்தினால், யாருக்காக உருவாயிற்று என்பதை அறிந்தால் அச்சொல்லுக்கு நாம் தலைகுனிய வேண்டியிராது.

1800ஆம் ஆண்டளவில் பிரான்சின் சனத்தொகை ஏறத்தாழ மூன்று கோடி. மேற்கு ஐரோப்பாவில் அதனை விஞ்சிய நாடு இருக்கவில்லை. ஆயினும், அயல் நாடுகளுக்கு வெகுகாலம் முன்னதாக, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சுக் குடும்பங்கள் பிள்ளைகளைக் குறைக்கத் தொடங்கின. பல பகுதிகளில் தேவாலயத்தின் பிடி தளர்ந்தமை ஒரு காரணம் என்பர். 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டக்கோவை பெற்றோரின் சொத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கை உறுதிசெய்தமை இப்போக்கை வலுப்படுத்தியது என்போரும் உளர். பிள்ளைகள் ஐவரானால் காணியும் ஐந்து துண்டாகும். வேலிக்கும் வரம்புக்கும் வழக்காடிய ஊர்களிலிருந்து வந்த எமக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. 1882இல் கல்வி கட்டாயமானபோது, வயலில் உழைத்த பிள்ளை பாடசாலைக்குரிய பிள்ளையாயிற்று.

1871இல் ஜேர்மனியிடம் தோற்ற பின்னரே ஆட்சியாளர் விழித்தனர். அப்போது ஜேர்மனியில் 4 கோடி 10 இலட்சம் பேர். பிரான்சில் 3 கோடி 60 இலட்சம். 1911இல் ஜேர்மனி ஆறரைக் கோடியை எட்டியது; பிரான்சோ நான்கு கோடியையும் தொடவில்லை. 1896இல் ஜாக் பெர்த்திய்யோன் என்னும் புள்ளிவிபர அறிஞர் சனத்தொகைப் பெருக்கத்துக்கென ஒரு சங்கம் அமைத்தார். எமில் ஸோலா இதையே பொருளாகக் கொண்டு ஒரு நாவல் எழுதினார். அதை அவர் எழுதியது இங்கிலாந்தில், தஞ்சம் புகுந்திருந்த காலத்தில் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

முதலாம் உலகப் போர் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சுப் படையினரைப் பலிகொண்டது. 1920இல் கருத்தடைப் பிரசாரத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றினர். தொட்டில்கள் நிறையவில்லை, 1935 தொடக்கம் பிறப்பை இறப்பு விஞ்சியது. தடையால் ஆகாததை உதவியால் ஆக்க முனைந்தனர். 1932இல் தொழிலாளருக்கான குடும்பக் கொடுப்பனவுச் சட்டமும், 1939இல் குடும்பச் சட்டக்கோவையும் வந்தன. வயலுக்கும் சுரங்கத்துக்கும் ஆட்களை அழைக்க 1919இல் போலந்துடன் உடன்படிக்கை செய்யப்பட்டிருந்தது. 1931இல் அங்கு வாழ்ந்த வெளிநாட்டார் ஏறத்தாழ 27 இலட்சம்.

ஆகவே, இக்கொடுப்பனவு எமக்கு இடப்பட்ட பிச்சையன்று. பிரெஞ்சுத் தாய்மார் பிள்ளை பெறவேண்டுமென்று அவர்களுக்காகவே பிறந்த சட்டம் அது. இன்று இங்கு சட்டப்படி வாழ்ந்து, பிள்ளை வளர்ப்போருக்கும் உரியதாயிற்று.

போரின் பின் பிறப்புகள் பெருகி, 1964இல் பெண்ணொருத்திக்குச் சராசரி 2.9 பிள்ளைகள் என்ற நிலை இருந்தது. 2024இல் அது 1.6 அளவுக்கு இறங்கியது. வீட்டு வாடகை, பெண்களின் நீண்ட கல்வி, இருவரும் உழைக்கவேண்டிய கட்டாயம், பிந்திய திருமணம் ஆகியன காரணங்களாகக் கூறப்படுகின்றன.

எமது பாட்டிமார் எட்டும் ஒன்பதும் பெற்றனர். நாமோ இரண்டறை வீட்டில், அம்மம்மாவின் துணையின்றி, இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். இந்நாட்டு மக்கள் 200 ஆண்டுகளாகப் போட்ட கணக்கை நாம் ஒரே தலைமுறையிற் போட்டுவிட்டோம். பிள்ளைக் காசுக்காக நாம் வரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ?