கொள்ளைநோயும் காக்கை வலிப்பும்

மக்களை வருத்தும் பிணிகள் இருவகைப்படும். ஒரு வகை, ஊரறியப் பேரிரைச்சலோடு வந்து, ஆயிரமாயிரம் பேரைக் கொன்று, சில திங்களிலோ சில ஆண்டுகளிலோ அடங்கிவிடுவது. மற்றொரு வகை, ஓசையின்றி ஒருவருடைய உடலிற் குடியேறி, வாழ்நாளெல்லாம் அவரை விடாது பற்றி நிற்பது. முன்னதைக் கொள்ளைநோய் என்கிறோம். பின்னதற்குத் தக்க எடுத்துக்காட்டு காக்கை வலிப்பு. முன்னது நாட்டில் நுழையுங்கால், பின்னதால் வருந்துவோரின் கதி யாதாகின்றது என்பதை வரலாற்றின் வாயிலாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காக்கை வலிப்பு அருமையான நோயன்று. உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவர்களுள் நூற்றுக்கு எண்பதின்மர் வறிய நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் வாழ்பவர். முறையாக நோயறிந்து மருந்தளித்தால், நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கே. ஆயினும், மிக வறிய நாடுகளில் நோயாளர் நால்வருள் மூவர்க்கு வேண்டிய மருத்துவம் கிட்டுவதில்லை. மருந்து இருந்தும் மக்கள் மடிகின்றனர் என்றால், குறை மருந்தினுடையதன்று. அதனை நோயாளியின் கையிற் சேர்க்கும் ஏற்பாட்டினுடையதாகும்.

இந்நோயைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த எண்ணம் யாது? தமிழில் இதற்கு முயலகன் என்றும் ஒரு பெயருண்டு. கூத்தப்பெருமானின் காலடியிற் கிடக்கும் பூதத்தின் பெயரும் அதுவே. கொல்லிமழவன் என்னும் மன்னனின் மகளைப் பற்றிய முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் எனப் பெரியபுராணம் சொல்லும். நோயின் பெயரே பூதத்தின் பெயராயின், நோயுற்றவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டுமென்னும் எண்ணம் எங்ஙனம் எழும்? பூசாரியிடம் செல்லவே தோன்றும்.

இஃது நம்மவர்க்கு மட்டும் உரிய குறையன்று. பண்டைக் கிரேக்கரும் இதனைத் தெய்வ நோய் என்றே அழைத்தனர். ஏறத்தாழக் கி.மு. 400-ஆம் ஆண்டளவில் ஹிப்போகிராட்டீஸ் பெயரால் வழங்கும் நூலொன்று அக்கொள்கையை மறுத்தது. இந்நோய் ஏனைய நோய்களைக் காட்டிலும் தெய்வத்தன்மை மிக்கதன்று. இதன் காரணம் மூளையில் உள்ளது என்று அந்நூல் வாதித்தது. அவ்வுண்மை நிலைபெற இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மூளையிலுள்ள நரம்பணுக்களின் மின்னோட்டம் திடீரென அளவு கடந்து பெருகுவதே வலிப்பு என்பது இன்று தெளிவாயிற்று. 1929-இல் ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய அறிஞர், மனிதரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்த தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். கண்ணுக்குப் புலப்படாதிருந்த பூதம் காகிதத்தில் வெறுங் கோடாகப் பதிந்தது.

மருந்தின் வரலாறு இன்னும் பிந்தியது. 1857-இல் விக்டோரியா இராணியின் பிரசவ வைத்தியரான சார்லஸ் லோகாக், பொட்டாசியம் புரோமைடு வலிப்பைக் குறைப்பதை எடுத்துரைத்தார். 1912-இல் ஆல்பிரெட் ஹாப்ட்மன், பெனோபார்பிட்டால் என்னும் மருந்தின் பயனைக் கண்டார். 1938-இல் மெரிட், பட்னம் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பெனிட்டாய்ன் மருந்தின் பயனை நிறுவினர். இவற்றின்பின் வந்தவை பல.

இம்மருந்துகளின் இயல்பொன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். இவை பெரும்பாலும் வலிப்பை அடக்குவனவேயன்றி நோயை வேரோடு களைவன அல்ல. குருதியில் மருந்தின் அளவு குறையாதிருக்கும் வரையில் வலிப்பு அடங்கி நிற்கும். மருந்தைத் திடீரென நிறுத்தினால் அடங்கியது சீறியெழும். ஒரு வலிப்பு நீங்குமுன் மறு வலிப்புத் தொடரும். சில வேளைகளில் உயிரே போகும். ஆகவே இந்நோயாளரின் வாழ்வு, நாள் தவறாது விழுங்கும் சிறு மாத்திரையில் தொங்குகின்றது. அம்மாத்திரையோ, தொழிற்சாலை, கப்பல், சுங்கச்சாவடி, மருந்தகம், வைத்தியர் என்னும் நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணாகும். சங்கிலியில் எந்தக் கண் அறுந்தாலும் கேடு நோயாளிக்கே.

அச்சங்கிலி அறுபடுவது புதிதன்று. பெனோபார்பிட்டாலை லூமினல் என்னும் பெயரில் விற்றது ஜெர்மனியின் பேயர் கம்பெனி. அதன் பயன் கண்ட ஈராண்டுகளில், 1914-இல், முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மன் மருந்துகள் பிரிட்டனுக்கும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கும் வருவது நின்றது. போர் முடியுந் தறுவாயில், 1918-இல், இன்புளுவென்சா என்னும் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அது மலாயாவைக் கடுமையாகத் தாக்கியது. தோட்டங்களில் நம் தொழிலாளர் திரள்திரளாக மாண்டனர். மாண்டவரின் தொகையைக் கணக்கிட்ட வரலாறு, அந்நாளில் காய்ச்சலால் வலிப்பு மிகுந்து துன்புற்றோரைக் கணக்கிடவில்லை. ஓசையுள்ள நோய்க்கே ஏட்டில் இடம் கிடைத்தது.

நூறாண்டு கழிந்தபின் அக்கதை மீண்டும் நிகழ்ந்தது. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் சீனத்து ஊகான் நகரில் வெளிப்பட்ட கொரோனா நோயை, 2020 மார்ச் 11-ஆம் நாள் உலகக் கொள்ளைநோயென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் சென்று மீண்டவர்களின் போக்குவரத்து நின்றது. ஏப்ரல் 7-இல் சிங்கப்பூரும் கடைகளையும் பணிமனைகளையும் அடைத்தது. இந்தியா மார்ச் 25-இலேயே ஊரடங்கிற்று.

கொரோனாக் கிருமி காக்கை வலிப்புள்ளவரை மட்டும் தேடிப் பிடிப்பதன்று. வலிப்புநோய் இருப்பதனாலேயே ஒருவரை அது எளிதிற் பற்றும் என்பதற்குச் சான்றில்லையென மருத்துவர் தொடக்கத்திலேயே தெளிவுறுத்தினர். அங்ஙனமாயின் இவர்களுக்குத் தீங்கு எவ்வழியில் வந்தது? அடைபட்ட கதவுகளின் வழியாகவே வந்தது.

முதலாவது, நோயறியும் வேலை தடைப்பட்டது. மூளை மின்னலைப் பதிவும், அவசரமல்லாத பரிசோதனைகளும், மருந்துக்கு அடங்காத வலிப்புக்கான அறுவை சிகிச்சையும் பல நாடுகளில் ஒத்திவைக்கப்பட்டன. மருத்துவமனைக் கட்டில்களும் தாதியரும் கொரோனா நோயாளருக்கென ஒதுக்கப்பட்டமையே காரணம். இரண்டாவது, மருந்து பெறுதல் அரிதாயிற்று. 2020 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் 130 நாடுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. மனநோய், நரம்புநோய் முதலியவற்றுக்கான மருத்துவப் பணிகளில் ஏதேனும் ஒன்றாவது தடைப்பட்ட நாடுகள் நூற்றுக்கு 93. நீடித்த வலிப்பு முதலியவற்றுக்கான அவசர சிகிச்சை தடைப்பட்டவை நூற்றுக்கு 35. மருந்து கிடைப்பதில் இடையூறு நேர்ந்தவை நூற்றுக்கு 30. மூன்றாவது, அச்சம். கிருமி தொற்றிவிடுமென அஞ்சி, வலிப்பு வந்தும் மருத்துவமனைக்குச் செல்லாது வீட்டிலிருந்தோர் பலர். உறக்கமின்மையும் மனக்கவலையும் வலிப்பைத் தூண்டுவன. கூலியிழந்து, வாடகைக்கு வழியின்றி, நான்கு சுவர்களுக்குள் அடைபட்டிருந்தவர்க்கு இவ்விரண்டும் குறைவின்றி இருந்தன.

மருந்தோடு மருந்து மோதும் இடரும் உண்டாயிற்று. கொரோனாவுக்கென வந்த நிர்மட்ரெல்விர், ரிட்டோனவிர் கூட்டு மாத்திரையை, பெனிட்டாய்ன், கார்பமசிபின், பெனோபார்பிட்டால் ஆகியவற்றை உண்பவருக்கு அளித்தல் ஆகாது. இவை அம்மாத்திரையின் ஆற்றலைக் கெடுத்துவிடும். புது நோய்க்கு மருந்தளிக்குமுன் பழைய நோயையும் கேட்டறிதல் வைத்தியரின் கடமை என்பதற்கு இஃதோர் சான்று. தடுப்பூசி பற்றியும் வீண் வதந்திகள் உலவின. வலிப்புநோய் இருப்பது தடுப்பூசியை மறுப்பதற்குக் காரணமன்று என்பதே வல்லுநரின் முடிவாயிற்று.

கெட்டதோடு நல்லதும் விளைந்தது என்பதை மறைத்தலாகாது. நோயாளி வைத்தியரை நாடிச் செல்ல இயலாதபோது, வைத்தியர் தொலைபேசியின் வழியே நோயாளியை நாடினார். வலிப்புநோயை அறிவதற்கு முதற் கருவி, கண்டவர் கூறும் செய்தியே. வலிப்பு வருங்கால் வீட்டார் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து அனுப்பினால், வைத்தியர் அதனைக் கண்டு பெரிதும் அறியலாம். இந்திய அரசாங்கம் 2020 மார்ச் 25-ஆம் நாளே தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. மலேசியாவில் அரசாங்க மருந்துகளை அஞ்சலிற் பெறும் ஏற்பாடு முன்னரே இருந்தது. அதன் அருமை அப்போதுதான் பலர்க்கும் விளங்கிற்று. மருந்து தடையின்றிக் கிடைத்தவர்களிற் பெரும்பாலோர்க்கு வலிப்பு மிகவில்லை என்பதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டின. ஆயின் கைத்தொலைபேசியும் படிப்பும் இல்லாத ஏழைக்கு இவ்வசதி எட்டாக்கனியே. புதுக் கருவி வந்தவுடன் பழைய ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிடுவதில்லை.

கொரோனா நெருக்கடி நீங்கிற்றென 2023 மே 5-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன்னரே, 2022 மே மாதத்தில், காக்கை வலிப்பு முதலிய நரம்புநோய்களுக்கென 2031 வரையிலான உலகச் செயல்திட்டமொன்றை உறுப்பு நாடுகள் ஏற்றன. திட்டம் ஏட்டில் ஏறியது நன்றே. அது தோட்டத்து லயத்திலும் நகரத்து அடுக்குவீட்டிலும் வந்து சேர்தல் வேண்டும்.

இந்நோயாளர்க்குக் கிருமியைவிடக் கொடியது சமுதாயத்தின் நாணமே. பிரிட்டனில் இந்நோயைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடந்தந்த சட்டம் 1971-இல்தான் மாற்றப்பட்டது. இந்தியாவில் காக்கை வலிப்பைக் காட்டி இந்துத் திருமணத்தைச் செல்லாததாக்க இடந்தந்த விதி 1999-இல்தான் அகற்றப்பட்டது. சட்டம் மாறியும் நம் மனம் மாறவில்லையே! பெண் பார்க்க வருவோர் அறியலாகாதென மாத்திரையைப் பானைக்குள் ஒளித்துவைக்கும் தாய்மார் இன்றும் நம்மிடை இல்லையோ? ஒளித்து வைக்கப்பட்ட நோயாளி எந்தப் பட்டியலிலும் இரான். ஊரடங்கிய நாளில் அவன் வீட்டுக் கதவைத் தட்டி, மருந்து உண்டா எனக் கேட்பார் எவருமிலர்.

ஆகவே, நம் மக்கள் செய்யத்தக்கவை சில. வலிப்புற்றவர் கையில் இரும்புச் சாவியைத் திணியாதீர். வாயில் எதனையும் செருகாதீர். ஒருக்களித்துப் படுக்கவைத்து அருகிலிருங்கள். ஐந்து நிமிடங் கடந்தும் வலிப்பு அடங்காவிடின், எந்தக் கொள்ளைநோய்க் காலமாயினும், அவசர உதவியை அழையுங்கள். வைத்தியரைக் கேளாது மருந்தை நிறுத்தாதீர். மருந்து தீருமுன்னரே அடுத்த தவணைக்கு ஏற்பாடு செய்து கொள்ளுங்கள். நம் சங்கங்களும் படிப்பகங்களும் தத்தம் வட்டாரத்தில் இத்தகையோர் யாவர் என்பதை அவர்தம் இசைவோடு அறிந்து, வெளியே செல்ல இயலாத காலத்தில் மருந்தைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ஏற்றல் வேண்டும்.

கொள்ளைநோய் இனியும் வரும். வரலாறு அதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அது வருங்காலத்து, இறந்தோரை எண்ணும் கணக்கன் மட்டும் நமக்குப் போதாது. மாத்திரை தீர்ந்த வீட்டை எண்ணும் கணக்கனும் வேண்டும்.